பாட்டுப் புத்தகத்துக்குள் கிடந்த துண்டு

மச்சாள்,

இன்று காலை மிளகும் வேர்க்கொம்புச் சுக்கும் வறுத்தேன். எனக்கு இருமல் இல்லை, வீட்டில் ஒருவருக்கும் தொண்டை கட்டவும் இல்லை. கோப்பித்தூளுக்குப் போடத்தான் வறுத்தேன். சட்டியிலிருந்து அந்தக் காரப்புகை கிளம்பி மூக்கில் ஏறியதும் அகப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து மாதம் உங்கள் தொண்டைக்காக நான் அவித்த கசாயத்தின் மணம் அது. மிளகு பாதி கருகிப்போயிற்று. நீங்கள் இருந்திருந்தால், "என்ன மணமிது, அடுப்பிலை செருப்பை வைச்சிட்டீரோ?" என்று கேட்டிருப்பீர்கள்.

கருகியதைக் கொட்டிவிட்டு ஒரு எழுதுகொப்பியோடு வேலி தாண்டி உங்கள் வீட்டுத் தையல் மேசையில் வந்து குந்தியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள் நான். பிழை பிடிக்க நீங்கள் பக்கத்தில் இல்லை என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

எழுதக் காரணம் உங்கள் மகள். நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது. சனிக்கிழமை பின்னேரம் கனடாவிலிருந்து உங்களுக்கு வந்த அழைப்பு இப்போது எனக்கு வருகிறது. போன சனிக்கிழமை எடுத்தவள், அந்தத் தொண்டை டொக்டரைப் பற்றி முறைப்பாடு எழுதப்போவதாகச் சொன்னாள்.

"அஞ்சு மாதமாய் அம்மாவின்ரை குரல் அடைச்சிருந்தது மாமி. அந்தாள் ஒரு ஸ்கான் எடுக்கச் சொல்லேல்லை. நீங்கள்தானே கூடப் போனனீங்கள்? நீங்கள்தான் சாட்சி."

நான் "ம்" என்றேன். என் வாயிலிருந்து வெறும் "ம்" வருவது என்றால் எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

டொக்டர் ஸ்கானுக்குத் துண்டு எழுதித் தந்தவர், மச்சாள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த டொக்டரை விட்டால் உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. இன்று சனிக்கிழமை. பின்னேரம் அவள் எடுப்பாள். நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து கட்டிய கட்டை நான் தனியாக அவிழ்ப்பதென்றால் உங்களிடம் கேட்காமல் முடியாது. அதுதான் இந்தக் கடிதம்.

என் அண்ணையைக் கட்டிக்கொண்டு நீங்கள் உரும்பிராய்க்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. முதல் ஞாயிற்றுக்கிழமையே உங்கள் குரலைப் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டேன். எங்கள் சேர்ச் ஓர்கனை எலி அரித்து வெகு காலம். யாராவது ஒருவர் கீர்த்தனையை எடுத்துக்கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போகவேண்டும். புதுப் பொம்பிளை நீங்கள் வாய் திறந்தீர்கள். சுருதி கூரையைத் தாண்டிப் போய்விட்டது. பாதிச் சனம் வாயை மட்டும் அசைத்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

"மச்சாள், அடுத்த கிழமை வரேக்கை ஏணி கொண்டு வரட்டோ? உங்கடை பாட்டை எட்டிப் பிடிக்க."

நீங்கள் கோபப்படவில்லை. "உமக்கு ஏணி காணாது. பனையிலை ஏறவேணும்," என்றீர்கள். அன்றிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் எங்களுக்குள் ஒரு நாளும் நல்ல கதை இருந்ததில்லை. எல்லாம் பகிடிதான். அண்ணை செத்த வீட்டில்கூட, மூன்றாம் நாள், நீங்கள்தான் என்னைச் சிரிக்கவைத்தீர்கள்.

பிறகு, ஐந்து வருடத்துக்கு முதல், ஆடி மாதம் உங்கள் குரல் கரகரக்கத் தொடங்கியது. சட்டைக்கு அளவெடுக்க வந்த பெண்கள் "மாமி, தடிமனோ?" என்று கேட்டார்கள். கற்கண்டு, தேன், மிளகு, வேர்க்கொம்பு, ஆடாதோடை இலை என்று நான் அவித்துத் தள்ளினேன். ஒரு ஞாயிறு நீங்கள் எழும்பி நின்று கீர்த்தனையை எடுத்தீர்கள். வந்தது பாட்டில்லை. என் மனிசன் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினை இழுத்துத் தொடக்கும்போது வருகிற சத்தம். வேறு வழியில்லாமல் முழுச் சேர்ச்சும் அந்தச் சுருதியில் இறங்கியது. பெண்கள் எல்லோருக்கும் ஆண் குரல் வந்துவிட்டது. போதகர் இருமுவதுபோலத் திரும்பி நின்று சிரித்தார்.

வீடு வரும் வழி முழுக்க நான் அந்தச் சத்தத்தைச் செய்துகாட்டிக்கொண்டு வந்தேன். கேற்றடியில் திரும்பிப் பார்த்தேன். உங்கள் கண் நிறைந்திருந்தது. வாயை மூடினேன். அடுத்த ஞாயிறு நீங்கள் எழும்பவில்லை. வேறொருவர் எடுத்தார்.

கார்த்திகையில்தான் டவுனில் அந்தத் தொண்டை டொக்டரிடம் போனோம். நல்ல மனிதர். மூக்குக்குள்ளால் மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். எனக்கே விளங்கும்படி சொன்னார்.

"அம்மா, இடப்பக்கக் குரல் நாண் அசையேல்லை. அதை அசைக்கிற நரம்பு நேரே தொண்டைக்கு வாறதில்லை. நெஞ்சுக்குள்ளை இறங்கி, பெரிய இரத்தக்குழாயைச் சுத்தித் திரும்பி மேலை வருது. அங்கை ஏதாவது அழுத்துதோ எண்டு பார்க்கவேணும். நெஞ்சை ஸ்கான் எடுங்கோ. இந்தக் கிழமையே எடுங்கோ."

துண்டு எழுதித் தந்தார். ஓட்டோவில் வரும்போது நீங்கள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு கதையும் இல்லை. எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. நான் தாங்க முடியாத இடத்தில் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"தொண்டைக்கு வருத்தமெண்டு போனால் நெஞ்சைப் படம் பிடிக்கச் சொல்லுறார். நாளைக்கு நான் பல்லுக் குத்தெண்டு போனால் முழங்காலைப் புடுங்குவார் போலை!"

ஓட்டோக்காரனும் சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. "விசர்க் கதை," என்று காற்றுக் குரலில் சொன்னீர்கள். "அதுதானே! தொண்டைக்கு ஏன் நெஞ்சு?" என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டை நாலாக மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் தையல் மேசை லாச்சிக்குள் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழமை போனது. நத்தார் உடுப்புத் தையல் வந்து குவிந்தது. அதைப் பற்றி நீங்களும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

மார்கழி தொடங்கி ஒரு செவ்வாய்க்கிழமை, மருதனார்மடம் சந்தையில் என் மரக்கறிக் கடைக்கு வந்தீர்கள். கீரைக்கட்டு ஒன்றை எடுத்து, வழக்கம்போல "வாடிப்போச்சு" என்று குறை சொல்லத் தொடங்கியவர் பாதியில் நின்றீர்கள். கை முதுகுக்குப் போனது.

"முதுகுக்குள்ளை ஆரோ துணி கிழிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றீர்கள்.

"அளவெடுத்துப்போட்டோ கிழிக்கினம்?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, நீங்கள் உருளைக்கிழங்கு மூட்டையில் இருந்துவிட்டீர்கள். முகம் சாம்பல் பூசினமாதிரி. நெற்றியில் வேர்வை மணிமணியாக. தராசை அப்படியே போட்டுவிட்டு அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லிக் கத்தினேன். அன்று என் கடையை யார் மூடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கானுக்குள் உங்களைத் தள்ளினார்கள். எடுக்காமல் விட்ட அதே நெஞ்சுப் படம்தான். சின்ன வயதுப் பெண் டொக்டர் ஒருவர் வந்து, உங்கள் வண்டில் கட்டில் பக்கத்தில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார். இதயத்திலிருந்து இறங்கிப் போகிற பெருநாடி நெஞ்சுக்குள் ஓரிடத்தில் தோடம்பழமளவுக்கு வீங்கியிருக்கிறதாம். ஒரு நாளில் வந்த வீக்கமில்லையாம். அதுதான் குரல் நரம்பை நெரித்துக்கொண்டிருந்ததாம். இப்போது அது வெடித்துவிட்டது.

"சுத்தியிருக்கிற சதை இப்போதைக்குப் பொத்திப் பிடிச்சிருக்கு. எவ்வளவு நேரத்துக்கெண்டு சொல்லேலாது," என்றார். "நெஞ்சைத் திறந்து செய்யிற ஒப்பரேசனை இவ தாங்கமாட்டா. இன்னொரு வழி இருக்கு. தொடை மடிப்பிலை சின்னதாய் வெட்டி, அங்கையிருக்கிற இரத்தக்குழாய்க்குள்ளாலை ஒரு துணிக்குழாயைச் சுருக்கி நெஞ்சுவரைக்கும் கொண்டுபோறது. கம்பி வளையங்களிலை தைச்சிருக்கிற துணி. சரியான இடத்திலை விட்டதும் அது விரிஞ்சு நிக்கும். பிறகு இரத்தம் அதுக்குள்ளாலை ஓடும். கிழிஞ்ச இடத்துக்குப் போகாது."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "பிள்ளை, வெளியாலை ஒட்டுப் போடாமல் உள்ளுக்கு லைனிங் வைக்கப் போறியள். அப்பிடித்தானே?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "ஓம் அம்மா. நாங்கள் இவ்வளவு நேரமாய்ச் சொன்னதை நீங்கள் ஒரு சொல்லிலை முடிச்சிட்டியள்."

அப்போது கட்டிலிலிருந்து உங்கள் காற்றுக் குரல் வந்தது. எல்லோரும் குனிந்தோம். சாகக் கிடக்கிற மனிசி என்ன கேட்கப் போகிறாவோ என்று. நீங்கள் கேட்டது இது:

"அந்தத் துணியை... ஆர் தைச்சது? மெசினோ, கையோ?"

டொக்டருக்குத் திடுக்கிட்டுப்போயிற்று. "கையாலைதான் தைக்கிறதெண்டு கேள்வி அம்மா."

"அப்ப வையுங்கோ," என்றீர்கள். கையெழுத்தையும் நீங்களே போட்டீர்கள். கால் இயங்காமல் போகவும் கூடும், முள்ளந்தண்டுக்குப் போகிற இரத்தம் குறைந்தால் அப்படி வரும் என்று சொன்னார்கள். அதற்கும் தலையாட்டினீர்கள். உங்கள் அளவுக்கான குழாய் கொழும்பிலிருந்து வரவேண்டும், காலையில்தான் செய்யலாம் என்றார்கள். அதுவரைக்கும் இரத்த அழுத்தத்தை மருந்தால் இறக்கி வைத்திருக்க வேண்டுமாம்.

இதெல்லாம் எழுதிக்கொண்டிருந்த டொக்டர், தலையை நிமிர்த்தாமல் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குரல் அடைச்சு அஞ்சு மாதமெண்டு சொன்னனீங்கள். ஒருத்தரும் நெஞ்சு ஸ்கான் எடுக்கச் சொல்லேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

மச்சாள், அந்தச் சொல் எப்படி வந்தது என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லப் போகிறேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. அடுப்பில் சுட்டால் கை தானாக இழுபடுமே, அப்படி வந்தது. நீங்கள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு மூடிக்கொண்டீர்கள்.

அன்று பின்னேரம் உங்களுக்கு மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். முதலில் லாச்சியைத்தான் இழுத்தேன். பாட்டுப் புத்தகத்திலிருந்து துண்டை எடுத்துச் சட்டைக்குள் செருகினேன். அதற்குப் பிறகுதான் உடுப்பு எடுத்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் சாகலாம் என்று தெரிந்த நேரத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கடதாசி.

காலையில் கொண்டுபோனார்கள். மூன்று மணித்தியாலம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டீர்கள். நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. அந்தச் சின்ன டொக்டர் உங்கள் கால்மாட்டில் போர்வையை விலக்கி, "அம்மா, கால் விரலை ஆட்டுங்கோ பார்ப்பம்," என்றார். ஒன்றும் அசையவில்லை. "இன்னொருக்கா அம்மா." நான் உங்கள் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு விரலைப் பார்த்ததுபோல என் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு விரல் மட்டுமில்லை, பாதம் முழுதும் மெதுவாக முன்னும் பின்னும் போனது. முன்னும் பின்னும். நேர்சுக்கு விளங்கவில்லை, என்ன இது என்று கேட்டார். நான் சொன்னேன், "மெசின் மிதிக்கிறா பிள்ளை. ஆரோ ஒருத்தியின்ரை நத்தார்ச் சட்டை முடியேல்லை."

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வருத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதே. பால்மா ரின்னையும் அப்பிளையும் மேசையில் வைத்த கையோடு வெட்டைப் பார்க்கவேண்டும். எத்தனை தையல் என்று எண்ணவேண்டும். "என்ரை மாமிக்கு இதைவிடப் பெரிசு" என்று சொல்லவேண்டும். சேர்ச் பெண்கள் நாலுபேர் வந்து உங்கள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கை வெட்டினது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"அது காட்டேலாத இடம்," என்றேன். "பார்க்கிறதெண்டால் போதகரிட்டைக் கடிதம் கொண்டு வரவேணும்."

"நெஞ்சிலை வருத்தமெண்டுதானே சொன்னவை?"

"நெஞ்சிலைதான் வருத்தம். கவட்டுக்குள்ளாலைதான் வழி."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேற்றடியில் போகும்போது ஒருத்தி சொன்னது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது: "வெட்டும் இல்லை, தையலும் இல்லை. வாயுவாயிருக்கும்." நீங்கள் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தீர்கள். சிரிக்காதீர்கள், லைனிங் பிரியப்போகிறது என்று நான் கத்தினேன்.

அவர்கள் போன பிறகுதான் கேட்டீர்கள். சிரித்த முகம் மாறாமல்.

"அந்தத் துண்டை எங்கை வைச்சனீர்?"

சட்டைக்குள் இருந்து எடுத்து என் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்து உங்கள் மடியில் வைத்தேன். பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, "என்ரை வாயாலைதான் மச்சாள். நான்தான் உங்களைப் போகவிடேல்லை. பிறகு டொக்டரிட்டையும் பொய் சொன்னனான்," என்றேன். நான் அழுததை நீங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணை செத்தபோதுகூட மறைவில்தான் அழுதவள் நான்.

நீங்கள் துண்டை விரித்து வாசித்தீர்கள். திரும்ப மடித்தீர்கள்.

"உமக்குப் பெரிய எண்ணம்," என்றீர்கள். "உம்மடை பகிடிக்காக நான் போகாமல் விட்டனானெண்டு நினைக்கிறீரோ? உம்மடை அண்ணையைப் படமெடுக்கக் கூட்டிக்கொண்டு போன ஞாபகம் இருக்கோ? படமெடுத்துப் பத்தாம் நாள் சவப்பெட்டி வாங்கினது. எனக்குப் பயம். அந்த டொக்டர் 'நெஞ்சு' எண்டு சொன்ன உடனையே நான் போறேல்லையெண்டு முடிவெடுத்திட்டன். நீர் பகிடி சொன்னது எனக்கு வசதியாய்ப் போச்சு. அவ்வளவுதான்."

"மகளிட்டை என்ன சொன்னனீங்கள்?"

"நீர் டொக்டரிட்டைச் சொன்னதைத்தான் நானும் சொன்னனான். ஒருத்தரும் ஸ்கான் எடுக்கச் சொல்லேல்லை எண்டு. இனி ரெண்டுபேரும் ஒரே பொய்யைத்தான் சொல்லவேணும். மாத்திச் சொல்லிப்போடாதையும்."

துண்டை அடுப்பில் போடச் சொன்னீர்கள். போட்டேன்.

அதற்குப் பிறகு உங்களுக்கு நாலு வருடம் கிடைத்தது. படத்துக்குப் பயந்த மனிசி வருடத்துக்கு ஒருமுறை படமெடுக்கப் போனீர்கள், குழாய் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க. போகும் ஒவ்வொரு முறையும் முதல் நாளே சோறு இறங்காது. ஆனால் போனீர்கள். குழாய் ஒருமுறையும் ஏமாற்றவில்லை. குரல்தான் வரவில்லை. நரம்பு நெடுநாள் நெரிபட்டுப் போயிற்று என்றார்கள். சேர்ச்சில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைப்பீர்கள். பக்கத்தில் இருந்து நான் கள்ளச் சுருதியில் கத்துவேன். உங்கள் முழங்கை என் விலாவுக்கு வரும்.

வேலிக்கு மேலால் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்பதால் கத்தரிக்கோலால் கேற்றில் தட்டப் பழகினீர்கள். இரண்டு தட்டு என்றால் தேத்தண்ணி. மூன்று என்றால் ஊசியில் நூல் கோக்கவேண்டும். விடாமல் தட்டினால் புதினம் இருக்கிறது, ஓடி வா. நீங்கள் போய் ஒரு வருடம். ஐந்து மணியானால் இன்றும் கை வேலையை விட்டுவிடுகிறேன். தேத்தண்ணிக்கு ஒரு ஆள் குறைவாக வீட்டில் சீனி செலவாகிறது. சந்தையில் நல்ல புதினம் ஒன்று கிடைத்தால் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வீடு வருகிறேன், இங்கே வந்து கேற்றைப் பார்த்த பிறகுதான் யாருக்குக் கொண்டுவந்தேன் என்று உறைக்கிறது. மனிசனிடம் சொன்னால் "அப்பிடியோ" என்பார். உங்களைப்போல "பிறகு? பிறகு?" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. பகிடிக்குப் பதில் பகிடி வராவிட்டால் அது வெறும் சத்தம், மச்சாள். இப்போது ஊரில் நான் வெறும் சத்தம் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

போன மாரியில் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, எட்டே நாளில் போனீர்கள். கடைசிப் படத்தைப் பார்த்த டொக்டர்கூடச் சொன்னார், குழாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று. கையால் தைத்ததல்லவா.

செத்த வீட்டுக்கு மகள் வந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தொண்டை டொக்டரைத் திட்டினாள். "அந்தாள் வேளைக்குப் பார்த்திருந்தால் வெடிச்சிருக்காது, அம்மாவின்ரை குரலும் போயிருக்காது." நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அடுத்த ஆளுக்குக் கோப்பையை நீட்டினேன். மாற்றிச் சொல்லவேண்டாம் என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் அந்த டொக்டர் இருக்கிறாரே, மச்சாள். அன்று நீங்கள் துண்டை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது, "பயப்படாதேங்கோ அம்மா, கெதியாய் எடுத்தால் கெதியாய்ப் பார்க்கலாம்" என்று வாசல் வரை வந்து சொன்னவர். முறைப்பாடு எழுதப்பட்டால் அவர் யாருக்குமுன் போய் நின்று என்ன சொல்வார்? சொன்னேன் என்று சொல்வார். துண்டு எங்கே என்று கேட்பார்கள். துண்டு என் அடுப்பில். அதனால்தான் கேட்கிறேன். மாற்றிச் சொல்லிவிடட்டோ?

போன் அடிக்கிறது.

கதைத்துவிட்டு வந்து திரும்ப இருக்கிறேன். வெளியே பொழுதுபட்டுவிட்டது.

சொல்லிவிட்டேன். எடுத்த உடனே, சுகம் கேட்க முதல், சொன்னேன். டொக்டர் துண்டு தந்தவர், மகள். ஓட்டோவிலை நான்தான் பகிடி பண்ணினனான். பெரியாஸ்பத்திரியிலை நான்தான் பொய் சொன்னனான். துண்டை எரிச்சதும் நான்தான். என்ன பகிடி என்று கேட்டாள். அதையும் சொன்னேன், பல்லையும் முழங்காலையும்.

பிறகு கேட்டாள். "அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அம்மா என்ன சொன்னவ?"

நீங்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அண்ணையின் படம், பத்தாம் நாள், பயம், எல்லாம். என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் அழத் தொடங்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா பயந்தவவோ மாமி? எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லையே. ஒவ்வொரு சனியும் 'சுகமாய் இருக்கிறன், நீ சாப்பிட்டியோ' எண்டுதான் கேட்பா. அந்த அஞ்சு மாதமும் அப்பிடித்தான் கேட்டவ."

முறைப்பாடு எழுதமாட்டாள். அதைச் சொன்னாள். என்னை மன்னித்தாளா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைக்க முதல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த சனியும் எடுப்பன். அம்மா வேறை எதுக்கெல்லாம் பயந்தவ எண்டு எனக்குச் சொல்லவேணும். ஒண்டையும் ஒளிக்கக்கூடாது," என்றாள்.

ஓம் என்று சொல்லிவிட்டேன், மச்சாள். உங்கள் அனுமதி வரும்வரை காத்திருக்க முடியவில்லை. ஆக, உங்கள் பயங்கள் எல்லாம் இப்போது என் பொறுப்பு. நீங்கள் அவளுக்குத் தெரியாமல் வேலிக்கு மேலால் எனக்குத் தந்தவை. ஒவ்வொரு சனியும் ஒன்றாக எடுத்துக் கொடுக்கவேண்டும்.

எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று காலை ஒப்பரேசன் தியேட்டர் கதவடி. வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தவர் கதவைத் திறக்கப் போனார். நீங்கள் என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தீர்கள். நான் காதை உங்கள் வாயடியில் வைத்தேன். உங்கள் பல்லு கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. "எனக்குப் பயமாய்க் கிடக்கு. கெதியாய் ஒரு பகிடி சொல்லும்," என்றீர்கள்.

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருடம் வற்றாத வாய். ஒன்றும் வரவில்லை. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தீர்கள், கதவு மூடும்வரைக்கும்.

அதற்குப் பிறகு நாலு வருடம் எத்தனையோ பகிடி சொன்னேன், எல்லாவற்றுக்கும் சிரித்தீர்கள். ஆனால் அன்று கேட்டதை நான் இன்னும் தரவில்லை. சந்தையில் தக்காளி நிறுக்கும்போதும், கேற்றைப் பூட்டும்போதும், சேர்ச்சில் தலை குனிந்திருக்கும்போதும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் தேடுகிறேன், மச்சாள்.